நாலாம் நம்பர் போர்டு

ஜனவரி 9

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் வலது தோள் மட்டும் குளிர் வந்தாலே மக்கர் பண்ணுகிறது. இருபது வருடம் இழைப்புளி தள்ளிய தோள், அதையும் குறை சொல்ல முடியாது. உன் மாமாவுக்குப் பிசின் நெடியில் இருமல். முகமூடி போடச் சொன்னால் மூக்கு அரிக்கிறதாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். போனில் நீ 'ம்' கொட்டுவதோடு சரி. முந்தைய மூன்று போர்டுக்கும் எழுதின மாதிரி, இது எப்படி ஓடுகிறது என்றும் எழுதி அனுப்பினால் பட்டறைச் சுவரில் மாட்டி, பார்த்துப் பார்த்து இழைப்பேன்.

மீன் லாரி டிரைவரிடம் நாலாம் நம்பர் அலைச்சறுக்கு போர்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முந்தைய மூன்றையும்விட ஒல்லி. நம் ஊர் அலை சோம்பேறி. தூரத்திலேயே உடைந்து, நுரையாகி, ஆடி அசைந்து வந்து சேரும். அதற்கு அகலமான, தட்டையான, குட்டை போர்டுதான் லாயக்கு. உங்கள் பக்கத்து அலை ஆழத்திலிருந்து ஓடி வந்து பாறைத் திட்டில் இடறிச் சுவராக எழும்பி நிற்கிறது. அதில் தட்டை போர்டோடு இறங்கினால் மூக்கு தண்ணீரில் குத்திக்கொள்ளும், ஆள் தலைகுப்புறப் பாறையில் போய் விழுவான்.

உன் அண்ணன் பெரியவனுக்கு அதுதான் நடந்தது. அவன் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. உங்கள் அலைக்கென்றே ஏழரை அடியில் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். அதைத் தொடாமல், நம் ஊர் அலைக்குச் செய்த ஆறடி போர்டை எடுத்துக்கொண்டு போனான். அவனுக்குப் பிடித்த மாதிரி ஒன்றை நான் செய்திருந்தால் அதை எடுத்துப் போயிருப்பான், இன்று உன்னோடு அந்த அறையில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான். நீ 'அப்படியெல்லாம் இல்லக்கா' என்று எழுதவேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவன் தொட்டவுடன் 'இதுதான்' என்று சொல்லியிருக்கக்கூடிய போர்டு ஒன்றை நான் செய்தே ஆகவேண்டும். நீ ஏறிப் பார்த்து எழுதவேண்டும். அந்த ஏழரை அடி உன் அறையில்தானே இருக்கிறது? அதன் வால் அகலத்தையும் அளந்து எழுது.

அக்கா

*

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் எழுதுவது. நான் சௌக்கியமாகவே இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடாமல் தப்பிக்க முடியாது, வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி விசாரிக்கிறார். பட்டறையில் படகு எஞ்சின்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாம் கழற்றிப் போட்டவை, எது எதனுடைய உதிரி என்று எங்கள் முதலாளிக்கே தெரியாது. மாமாவுக்கு மூக்கு அரித்தால் மீசையை எடுத்துவிடச் சொல். பிரச்சினை அங்கேதான்.

நாலாம் நம்பர் ரிப்போர்ட் இதோ. அலை இரண்டு ஆள் உயரம். காற்று கரையிலிருந்து கடலுக்கு. பாறைத் திட்டில் அலை எழும்பும் இடம் வழக்கத்தைவிடப் பத்தடி உள்ளே. எழுந்து நிற்கும்வரை போர்டு சொன்ன பேச்சைக் கேட்கிறது. இறங்கும்போது மூக்கு ஒரு நொடி தண்ணீரைத் தொடுகிறது. திரும்பும்போது வால் வழுக்குகிறது, பிடிமானம் போதாது. மூக்கை இன்னும் அரை இன்ச் தூக்கினால் சரியாகும் என்று தோன்றுகிறது.

மற்றபடி நல்ல போர்டு. உன் தோளுக்கு ஓய்வு கொடு.

இப்படிக்கு,
சின்னவன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் ரிப்போர்ட் படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை உருப்படியாக எழுதாதவன் இவ்வளவு நுணுக்கமாக எழுதுவதைப் பார்த்து உன் மாமா ஆடிப்போய்விட்டார். மீசை விஷயத்தை நான் சொல்லவில்லை. அவரே படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இருமல் பரவாயில்லை. என் தோளும் அப்படியே.

ஐந்தாம் நம்பரில் மூக்கை அரை இன்ச் தூக்கிவிட்டேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும், அதுதான் இந்தத் தொழில். மூக்கு தூக்கினால் செங்குத்தில் குத்தாமல் இறங்கும், ஆனால் படுத்துக் கையால் துழாவும்போது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போகும், அலையைப் பிடிக்கத் தாமதமாகும். தாமதமானால் இன்னும் செங்குத்து. அதனால் நீளத்தைக் கூட்டினேன். வழுக்குகிறது என்றாயே, வாலைக் கூராக்கி, அடியில் இருக்கும் ஃபின் துடுப்பை ஒரு இன்ச் பின்னால் தள்ளினேன்.

இங்கே ஒரு பேங்க் அதிகாரி வந்து போர்டு கேட்டார். எடை எவ்வளவு என்றால் தொண்ணூறு என்கிறார். தராசில் நிற்கவைத்தால் நூற்றுப் பதினெட்டு. அவர் சொன்ன எடைக்குச் செய்து கொடுத்தால் தண்ணீருக்கு மேலே அவர் மட்டும்தான் தெரிவார், போர்டு தெரியாது. எடையில் பொய் சொல்கிறவர்கள் எனக்குப் பழகிவிட்டார்கள். எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நவம்பரில் உங்கள் பக்கம் பெரிய அலை வரும்போது நான் வருகிறேன். ஐந்தாம் நம்பரில் நானே அந்த அலையில் இறங்கப் போகிறேன். நாற்பத்து மூன்று வயதில் உனக்கென்ன கிறுக்கா என்கிறார் உன் மாமா. பத்து வயதிலிருந்து அலையில் கிடக்கிறவள் நான். உன் ரிப்போர்ட் சரியாக இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அந்த இடத்தில் என் போர்டு ஒன்று ஒழுங்காக இறங்குவதை என் காலால் உணர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நாலாம் நம்பரை லாரியில் திருப்பி அனுப்பு. அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். ஏழரை அடியின் வால் அகலம் கேட்டேன், நீ எழுதவில்லை.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் இருவர் உடம்பும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நாலாம் நம்பரை இப்போது அனுப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் பழகிப் பார்க்கிறேன். பழகப் பழக நன்றாகத்தான் இருக்கிறது. மூக்கு குத்துகிறது என்று நான் எழுதியதுகூட அவசரத்தில் எழுதியதாக இருக்கலாம்.

நீ நவம்பரில் வரவேண்டாம் அக்கா. மாமா தனியாக என்ன செய்வார்? இந்த வருடம் பாறைத் திட்டில் மணல் சேர்ந்து அலை ஒழுங்காக உடையவில்லை. வந்தாலும் ஏமாந்துதான் போவாய்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. எஞ்சின் வேலை அதிகம்.

இப்படிக்கு,
சின்னவன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நான் லாரி டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கி, அவர் நாலாம் நம்பரைக் கொண்டுவந்துவிட்டார். "உங்க தம்பி போர்டுக்கு மெத்தை போட்டு ராஜா மாதிரி வச்சிருக்காரும்மா. ரெண்டு தலகாணி, அதுமேல போர்டு" என்றார். நானும் சிரித்தேன்.

அப்புறம் அதை மேடையில் வைத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

மூன்று மாதம் ஒருவன் ஏறிய போர்டில் குதிகால் பட்டுப்பட்டுக் குழி விழும். உனக்குத் தெரியாததில்லை. நாலாம் நம்பரிலும் குழி விழுந்திருக்கிறது. ஆனால் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்திருக்கிறது. நீ இடது கால் முன்னால் வைத்து வலப்பக்கம் திரும்பி நிற்பவன். உன் குழி இடப்பக்கம் விழவேண்டும். நம் வீட்டில் வலது கால் முன்னால் வைக்கிறவன் பெரியவன் ஒருவன்தான்.

அவனுடைய ஆறடி போர்டு பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. ஒன்றரை வருடமாக நான் அதைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறந்தேன். முன் குழிக்கும் பின் குழிக்கும் இடையில் அளந்தேன். முப்பத்தோரு இன்ச். நாலாம் நம்பரை அளந்தேன். அதுவும் முப்பத்தோரு இன்ச்.

இன்னொரு தடவை அளக்கத் தைரியம் வரவில்லை. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நிதானம் வந்து போர்டைப் புரட்டினேன். அடியில் ஒரு கீறல் கிடையாது. ஃபின் திருகாணிகள் கடையில் வாங்கினபடி மினுங்குகின்றன. ஃபின் இடுக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், ஒரு மணல் இல்லை. இந்தப் போர்டு தண்ணீரையே பார்க்கவில்லை, சின்னவனே.

தண்ணீர் பார்க்காத போர்டில் குழி எப்படி வந்தது? அதில் நின்றது யார்?

அக்கா

*

மே 11

சின்னவனுக்கு,

ஒரு மாதம் தாண்டிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால் நீ வேலைக்குப் போகிறாய், வருகிறாய், சாப்பிடுகிறாய் என்கிறார். உயிரோடு இருக்கிறாய் என்று இன்னொருவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பட்டறையில் எனக்கு என்னென்னவோ ஆகிறது. முன்பெல்லாம் போர்டைப் புரட்டும்போது எதிர்முனையைப் பெரியவன் பிடித்துக்கொள்வான். நேற்று மத்தியானம் வேலை மும்முரத்தில் "கொஞ்சம் தூக்கிப் பிடிடா" என்றேன். போர்டு லேசாகத் தூக்கிக்கொடுத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் ஆளில்லை. உன் மாமா வெளியே பிசின் கலக்கிக்கொண்டிருந்தார். என் கைப்பழக்கம்தான், தெரியும். இருந்தாலும் அதற்குப் பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன்.

ஐந்தாம் நம்பர் பூச்சு முடிந்து காய்கிறது. நவம்பர் ஆறாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் பதிலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

அக்கா

*

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் இருப்பாய். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அதில் நின்றது நான்தான். பயப்படாதே.

அண்ணன் போன நாளிலிருந்து நான் கடலில் கால் நனைக்கவில்லை. நீ அனுப்பிய நான்கு போர்டுகளில் ஒன்றுகூடத் தண்ணீருக்குப் போகவில்லை. முதல் ரிப்போர்ட்டிலேயே உண்மையை எழுதியிருக்கவேண்டும். நீ சுவரில் மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னதும் மென்று விழுங்கிவிட்டேன்.

என் அறை ஜன்னலிலிருந்து பாறைத் திட்டு நேராகத் தெரியும், இதை உன்னிடம் சொன்னதில்லை. கீழே தெருவில் சைக்கிள் கடை, அதன் தகரக் கூரை, அதற்கு மேல் கடல். தினமும் வேலைக்குப் போகும் முன் இரண்டு தலையணையைத் தரையில் போட்டு, அதன்மேல் போர்டை வைத்து, ஜன்னலைப் பார்த்துக் குப்புறப் படுப்பேன். அங்கே அலை எழும்பும்போது நானும் குதித்து எழுந்து நிற்பேன். வலது கால் முன்னால் வைத்து. அண்ணன் நிற்கிற மாதிரி முட்டியை உள்ளே மடக்கி, இடது கையைத் தாழ்த்தி. அந்த ஒரு நொடியில் அவனுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று பார்ப்பதற்காக. ஆரம்பத்தில் தடுமாறினேன். இப்போது என் உடம்புக்கு அதுதான் பழக்கம். பட்டறையில் சும்மா நிற்கும்போதுகூட வலது கால்தான் முன்னால் போகிறது. எங்கள் முதலாளி ஒருநாள், "ஒங்கண்ணன் மாதிரியே நிக்கிற" என்றார். அன்றைக்கு என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

ரிப்போர்ட்டில் எழுதியதெல்லாம் அப்படி நின்று எழுதியதுதான். மூக்கு குத்துகிறது என்று எழுதினேன், ஏனென்றால் நான் எத்தனை தடவை எழுந்து நின்றாலும் எனக்கு அது குத்துகிறது.

இதை நம்பி நீ அந்த அலையில் இறங்காதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சின்னவன்

*

ஜூலை 2

சின்னவனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். தோள் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் இருந்த ரிப்போர்ட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டேன். தலையணை மேல் ஏறி நின்று எழுதினதை வைத்து நான் அரை இன்ச், ஒரு இன்ச் என்று மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பேங்க் அதிகாரி எவ்வளவோ தேவலை, எடையில் மட்டும்தான் பொய் சொன்னார். உன் மாமா மட்டும், "பாவம், அவன் என்ன பாடு பட்டானோ" என்றார். அவரையும் திட்டினேன்.

திட்டி ஓய்ந்தபின் எனக்கு வேறொன்று தோன்றியது. நீ உண்மையைச் சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஏழரை அடி போர்டை லாரியில் ஏற்றிய அன்று பெரியவனுக்கும் எனக்கும் சண்டை. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கட்டை மாதிரி கனக்குது. இத வச்சு விறகுதான் ஒடைக்கணும்" என்றான். வழக்கமான கிண்டல்தான். அன்றைக்கு எனக்கு வேலைக் களைப்பு. "புடிக்கலைன்னா தொடாத. ஒன்ன யாரும் கெஞ்சல" என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. வண்டியில் ஏறிப் போனான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்த்தது கண்ணாடிப் பெட்டியில்தான்.

தொடாதே என்றேன், தொடாமல் போய்விட்டான். ஒன்றரை வருடமாக என் காதில் இதுதான் ஓடுகிறது. அவன் ரோஷக்காரன், உனக்குத் தெரியும். நான் வாயை அடக்கியிருந்தால் அன்று ஏழரை அடியை எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

அதனால்தான் நான் இறங்கியே ஆகவேண்டும். உன் ரிப்போர்ட் பொய் என்றால் போகட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அது எனக்கு வரவேண்டியதுதான். நவம்பர் ஆறு. ஸ்டேஷனுக்கு வந்தால் வா.

அக்கா

*

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டரை மாதத்தில் இந்தக் கடிதத்தை ஒன்பது தடவை எழுதிக் கிழித்தேன். இன்று தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கடையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், எழுதியவுடன் போட்டுவிடலாம் என்று. நீயும் மாமாவும் நன்றாக இருக்கவேண்டும்.

அண்ணன் உன் பேச்சுக்காக ஏழரை அடியைத் தொடாமல் போகவில்லை. அன்று காலையில் அது அறையிலேயே இல்லை. நான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

வந்த நாளிலிருந்து அண்ணன் என்னை அந்த அலைக்குப் போகவிடவில்லை. "ஒனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகணும்" என்பான். அன்றைக்கு அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அலை நல்ல உயரம். அவனிடம் சொல்லாமல் அவனுடைய போர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன், திரும்பி வந்து பீற்றிக்கொள்ளலாம் என்று. பாறையைத் தாண்டியதும் நீரோட்டம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு காலில் தசை பிடித்துக்கொண்டது. போர்டைக் கட்டிக்கொண்டு கத்தினேன். கரையில் ஆள் இல்லை.

அண்ணன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். அறையில் மிச்சம் இருந்தது ஆறடி போர்டு மட்டும்தான். அது அந்த அலைக்கு ஆகாது என்று அவனுக்குத் தெரியாதா? உன் பட்டறையில் வளர்ந்தவன். தெரிந்துதான் எடுத்துக்கொண்டு வந்தான்.

என்னிடம் வந்து சேர்ந்தான். திரும்பும்போது ஒரே அலை இரண்டு பேரையும் தூக்கியது. நான் படுத்தபடியே இறங்கி, பாறைக்கு அந்தப் பக்கம் மணலில் போய் விழுந்தேன். அவன் போர்டின் மூக்கு குத்தியது.

நான் சுற்றிக்கொண்டு ஓடிவருவதற்குள் மீன்காரர்கள் நான்கைந்து பேர் அவனைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். நான் அவன்மேல் விழுந்து தூக்கினேன். என் சட்டை நனைந்திருந்தது. அவனைத் தூக்கியதால் நனைந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். "தனியாவா போனாரு?" என்று யாரோ கேட்டார்கள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை அதற்குப் பிறகு என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. போலீஸ் கேட்டபோது அதையே சொன்னேன். நீ கேட்டபோதும் அதையே சொன்னேன்.

உன் போர்டு அவனைக் கொன்றது என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். நான் ஒவ்வொன்றையும் படித்து, மடித்து வைத்தேன். ஏழரை அடி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வால் அகலம் கேட்டாயே, என்னால் அதை வெளியே இழுத்து அளக்க முடியவில்லை.

என்னைத் தம்பி என்று நினைக்கவேண்டாம் என்றாலும் சரி. நீ மட்டும் அந்த அலையில் இறங்காதே.

சின்னவன்

*

அக்டோபர் 24

சின்னவனுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. உன் மாமாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். இருமல் கூடியிருக்கிறது.

எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும் என்று நினைப்பாய். வரவில்லை. என் தப்பு என்று இருந்தவரை என் கையில் ஒரு வேலை இருந்தது. இன்னும் கொஞ்சம் இழைத்தால், இன்னும் கொஞ்சம் வளைத்தால், என்றைக்காவது சரியாகிவிடும் என்று இருந்தேன். இப்போது இழைக்க ஒன்றுமில்லை. பட்டறைக்குப் போகிறேன், இன்னும் இழைக்காத நுரைக் கட்டையைத் தடவிப் பார்க்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லையென்று பூசி மெழுக மாட்டேன். அண்ணன் போர்டை எடுத்துக்கொண்டு ஓடினதற்கு இல்லை. அந்த வயதில் எவனும் செய்வான், பெரியவனே என் போர்டை எத்தனை தடவை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அந்தப் பழியை நான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே, எனக்கு அரை இன்ச் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாயே, அதற்குத்தான். அந்தக் கோபம் எப்போது போகும் என்று எனக்குத் தெரியவில்லை. போகாமலும் இருக்கலாம்.

அதே நேரத்தில், நீ அந்த அறையில் அவனைப்போல் நின்றுகொண்டு இருப்பதை நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு இருந்தது இரண்டு பேர். ஒருவன் போய்விட்டான். மிச்சமிருக்கிறவனும் அவனாக மாறிவிட்டால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அலையில் இறங்கமாட்டேன். ஐந்தாம் நம்பரைக் கொண்டு வரப்போவதில்லை. ஆனால் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

வருவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும். உன்னிடம் வந்து சேர்ந்தான், திரும்பும்போது அலை தூக்கியது என்று எழுதியிருக்கிறாய். நடுவில் ஒரு வரி விட்டிருக்கிறாய். அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனா? உன்னிடம் என்ன சொன்னான்?

அக்கா

*

அக்டோபர் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. உடனே எழுதி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மாமாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, தள்ளிப் போடாதே.

அவன் வந்து சேர்ந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் திட்டவில்லை. மூச்சு வாங்கியது. தன் போர்டில் உட்கார்ந்தபடியே ஏழரை அடியின் மூக்கைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பி வைத்தான். அலை வருவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான், "அண்ணா, நாம போர்ட மாத்திக்கலாம்" என்றேன். எனக்கே தெரியும், அவன் ஏறி வந்திருப்பது எந்தப் போர்டு என்று.

"பேசாம படு. இந்தப் போர்ட மட்டும் விட்டுடாத. எவ்ளோ செங்குத்தா இருந்தாலும் எறங்கிடும். அக்கா இதுக்குன்னே செஞ்சது" என்றான்.

நான் விடவில்லை. அவன் சொன்னபடியே இறங்கியது. மூக்கு குத்தவில்லை அக்கா, ஒரு தடவைகூட. இந்த ஒரு ரிப்போர்ட் மட்டும் நான் கடலில் இருந்து எழுதுவது.

அவன் சொன்னது இன்னும் ஒன்று இருக்கிறது. அலை தூக்குவதற்கு முன் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினான். நான் கழுத்தைத் திருப்பி, "நீ?" என்று கேட்டேன்.

"நீ போ. நான் பின்னாலயே வர்றேன்" என்றான்.

நான் மணலில் எழுந்து நின்று முதலில் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடமாக ஜன்னலில் நின்று பார்ப்பதும் அதைத்தான். பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனை விட்டு நான் எப்படிக் கிளம்புவது? நான் போனபிறகு அவன் வந்தால் என்ன செய்வான் என்று தோன்றுகிறது.

தனியாக என்னால் இந்த அறையைப் பூட்ட முடியாது. நீ வந்து பூட்டு. ஆறாம் தேதி ஸ்டேஷனில் இருப்பேன்.

சின்னவன்